ஜூஜுவாடியில் பிடிபட்ட ரப்பர் கத்திகள்

1. போன்

கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்டிலிருந்து போன் வந்தபோது நான் ரப்பர் வார்க்கும் பிரஸ்ஸில் சூடாக இருந்த அச்சைத் திறந்துகொண்டிருந்தேன். முதலாளி சொந்த ஊரான கோயம்புத்தூருக்குப் போயிருந்தார். ஆபீஸ் அறையில் வேறு யாரும் இல்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நானே ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா, நான் முனிராஜ் பேசறன். ஜூஜுவாடில வண்டியப் புடிச்சு வெச்சுட்டாங்க. மூட்டை பூரா கத்தின்னு சொல்றாங்க. ரப்பருன்னு சொன்னா எஸ்.ஐ. காதுலயே வாங்கல. கேஸ் போடறங்கறாரு. நீங்க சட்டுனு வாங்கக்கா."

முனிராஜ் எங்கள் சரக்கை வழக்கமாக ஏற்றிப் போகும் டெம்போக்காரர். வண்டி அவருடையது. அன்று அவர் ஏற்றிச் சென்றது முழுவதும் கராத்தே பயிற்சிக்கான ரப்பர் கத்திகள். மதியத்துக்குள் பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டியவை. பிரஸ்ஸை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜூஜுவாடி வழியாகப் போகும் அத்திப்பள்ளி பஸ்ஸைப் பிடித்தேன்.

2. ரப்பர் யூனிட்டில் கத்தி எப்படி வந்தது

இது எண்பதுகளில் நடந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன ரப்பர் யூனிட். டூவீலருக்கு புஷ், மோட்டார் பம்புக்கு கேஸ்கெட், இவைதான் வேலை. நான் பர்கூர்க்காரி. என்னைப் பெற்ற அத்தா அங்கே ஜவுளி வியாபாரம் செய்தார். ஓசூரில் கல்யாணமாகி வந்த பிறகுதான் இந்த வேலையில் சேர்ந்தேன். அச்சிலிருந்து எடுத்த பீஸைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் உபரி ரப்பரைக் கத்தரியால் நறுக்குவது முதல் வேலை. அப்புறம் பிரஸ் ஓட்டக் கற்றேன். நான் சொல்லும் சமயத்தில் மோல்டிங் செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பர்வைசர்.

தெருவுக்குத் தெரு கராத்தே கிளாஸ் முளைத்த காலம் அது. பெங்களூரிலிருந்து சிவண்ணா மாஸ்டர் ஒரு மரக்கத்தியோடு வந்தார்.

"கத்தியோட வர்றவன எப்படித் தடுக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறேன்மா. இந்த மரம் பட்டு பொண்ணுங்களுக்கு மணிக்கட்டு வீங்குது. ஒரு பொண்ணுக்குப் புருவமே கிழிஞ்சு போச்சு. ரப்பர்ல மாடி, அதான், செஞ்சு கொடுங்க."

முதல் சாம்பிளை புஷ் போடும் ரப்பர் கலவையான காம்பவுண்டிலேயே அடித்தோம். மாஸ்டர் அதைத் தன் விலாவில் அழுத்திப் பார்த்து, "இது மரத்துக்குத் தம்பி" என்றார். இரண்டாவது சாம்பிள் நிமிர்த்திப் பிடித்தால் வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கியது. மெத்தென்றும் இருக்க வேண்டும், நின்றும் பிடிக்க வேண்டும். முதலாளியும் நானும் உட்கார்ந்து காம்பவுண்டை மாற்றி மாற்றிக் கலந்தோம். முனையை உருட்டி, அலகைத் தடிப்பாக்கி, அச்சைத் திருத்தினோம். கடைசியில் ஒன்று கைக்குப் பிடித்தது.

"என்னக் குத்துங்க மாஸ்டர்," என்றேன்.

அவர் தயங்கினார். முதலாளி, "அம்மிணி, வெளையாடாதீங்க" என்றார்.

"பொண்ணுங்க மேல படப்போறது, மொதல்ல என் மேல படட்டுங்க."

மாஸ்டர் வேகமாகவே குத்தினார். அலகு வளைந்துகொண்டது. நெரிசல் பஸ்ஸில் முழங்கை இடித்ததைவிட அதிகமாக வலிக்கவில்லை. அன்றைக்கே பாஸ் செய்தேன்.

பிறகு மாஸ்டர் இன்னொன்று கேட்டார். கறுப்பு ரப்பரைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும், பொம்மை மாதிரி இருக்கிறது, நிஜக் கத்தி போலவே வெள்ளிப் பூச்சு வேண்டும் என்றார். ரப்பர் வளைந்தாலும் வெடிக்காத பூச்சைத் தேடிப் பிடித்து அடித்தோம். மேசைமேல் ஒன்றை வைத்தேன். டீ கொண்டுவந்தவர் இரண்டடி பின்னால் போனார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்படியொரு பெருமை.

3. எஸ்.ஐ. கேட்ட கேள்வி

ஜூஜுவாடியில் இறங்கியபோது லாரிகள் வரிசை கட்டி நின்றன. போலீஸ் ஷெட்டுக்கு வெளியே பெஞ்சில் முனிராஜ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூட்டைகளைப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தார்கள். வெயிலில் கத்திகள் பளபளத்தன. லாரி டிரைவர்கள் கூட்டம் போட்டுத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா நீ? ஓனரா?" என்றார் எஸ்.ஐ.

"சூப்பர்வைசருங்க சார். இத அச்சுல அடிச்சதே நாந்தான்."

மேசையிலிருந்து ஒன்றை எடுத்து, முனை கைப்பிடியைத் தொடும் வரை வளைத்துக் காட்டினேன். கூட்டம் சிரித்தது. எஸ்.ஐ. தானே ஒன்றை எடுத்து வளைத்தார். உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். அவர் முகம் லேசாகத் தளர்ந்தது. முனிராஜ் எழுந்து நின்றுவிட்டார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

"சரிம்மா, ரப்பர்தான், ஒத்துக்கறன்," என்றார் எஸ்.ஐ. "இத எவனாவது எடுத்துட்டுப் போயி, ரோட்டோரமா வண்டிய நிறுத்திப் படுத்திருக்கிற லாரிக்காரன் கழுத்துல வெக்கறான்னு வெச்சுக்க. அந்தாளு வளைச்சுப் பாத்துட்டா பர்ஸக் குடுப்பான்?"

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. முனிராஜைப் பார்த்தேன்.

"நானும் குடுத்துருப்பன்க்கா," என்றார் மெதுவாக.

என் விலாவில் குத்தச் சொல்லிப் பார்த்தவள் நான். அது யார் மேலாவது பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். படாமல், வெறுமனே காட்டினாலே என்ன ஆகும் என்பது அதுவரை என் தலைக்குள் வரவேயில்லை.

"மேல கேக்காம லோட விட முடியாது. வண்டியும் இங்கதான் நிக்கும்," என்றார் அவர்.

"சார், பாத்த ஒடனே நெசக் கத்தி இல்லன்னு தெரியணும். அதுதானுங்களே? இங்கயே மாத்திக் குடுத்துட்டா?"

"எப்படி மாத்துவ?"

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் ஒருவரின் கொட்டகை இருந்தது. போய்ச் சிவப்பு கேட்டேன்.

"எனாமலுக்கா இது. ரப்பருல நிக்காது, உரிஞ்சிரும்," என்றார் அவர்.

"இன்னைக்கு நின்னாப் போதும்ப்பா."

டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நானும் அவரும் கத்திகளை ஒவ்வொன்றாகப் பாதி அலகு வரை சிவப்பில் முக்கினோம். முனிராஜ் வாங்கி டெம்போ பலகையில் வரிசையாகக் காயவைத்தார். வண்டியைப் பிடித்த கான்ஸ்டபிளே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து கைகொடுத்தார். அவருடைய காக்கிச் சட்டைக் கையில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

முடிந்ததும் எஸ்.ஐ. அந்தக் கான்ஸ்டபிளை ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு கத்தியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இங்கிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தெரியுது. போங்க. அடுத்த லோடு வெள்ளியா வந்துச்சு, டிரைவரோட உன்னயும் உள்ள வெச்சிருவன்."

"வராதுங்க சார்," என்றேன். உறுதியாகவே சொன்னேன்.

4. கல்லூரி மைதானம்

மாஸ்டருக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும் என்று நானும் டெம்போவிலேயே ஏறிப் போனேன். கேட்டில் காத்திருந்தவர் மூட்டையைத் திறந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனம்மா இது! கெம்பு பேடா, சிவப்பு வேணாம்! சிவப்புக் கத்தியப் பாத்தா பொண்ணுங்க சிரிப்பாங்கம்மா!"

எஸ்.ஐ. கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

அவர் சொன்னபடியே பெண்கள் சிரித்தார்கள். ஹோலிக்கு வாங்கினீர்களா என்று ஒருத்தி கேட்டாள். மாஸ்டர் அவளையே முன்னால் கூப்பிட்டார். கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றவர், திடீரென்று பாய்ந்து வந்து அவள் கழுத்தருகே நீட்டினார். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே அறுந்தது. கை எழவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் கத்தியைத் தாழ்த்தினார். "பயம் வந்ததா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"வரட்டும். திருப்பி வர்றேன். இந்தத் தடவ கண்ணத் தெறந்து வெச்சுக்கோ."

அடுத்த முறை அவள் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். அதற்கடுத்த முறை அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டாள். தோழிகள் கைதட்டினார்கள். அவள் சட்டைக் காலரில் சிவப்புத் தீற்றல் இருந்தது. மாஸ்டர் குனிந்து தன் வெள்ளை உடுப்பைப் பார்த்தார். வயிற்றுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு. பெயிண்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை.

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாருங்கம்மா, என் வயித்தயே கிழிச்சிட்டா! எங்க பட்டதுன்னு எழுதியே காட்டுது. இது சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு!"

வெள்ளிப் பூச்சைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

முதலாளி ஊரிலிருந்து திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். மேலே பூசினால் உரியும், காம்பவுண்டிலேயே சிவப்பு கலந்துவிடலாம் என்றேன்.

"வெள்ளிதான் வேணும்னு வேற பார்ட்டி வந்து கேட்டா என்னங்க பண்றது அம்மிணி?"

"அவங்க வேற கடை பாத்துக்கட்டுங்க."

அவர், "சரி, நீங்களே சொல்லி அனுப்பீருங்க" என்றார். அப்படி ஒரு பார்ட்டி வந்தது. நிஜம் மாதிரியே வேண்டும் என்றார்கள். பயிற்சிக்கா என்று கேட்டேன். நேராகப் பதில் வரவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்றைக்குத் தொழிற்சாலையில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குகிறவர் கேட்டபடி செய்து கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பொருளுக்கு எதிரே நிற்கப்போகிறவர் யார் என்றும் பாருங்கள். அவர் ஆர்டர் கொடுக்க வரமாட்டார். அவர் சார்பில் பேச ஆபீஸில் யாரும் இருக்கமாட்டார்கள். அச்சைத் திறக்கிறவர்தான் பேச வேண்டும். நான் பேசினேன். நான் இருந்த வரைக்கும் எங்கள் யூனிட்டிலிருந்து வெள்ளிக் கத்தி மறுபடி வெளியே போகவில்லை.