புது மூக்கு

என் அப்பா எல்மர் சல்மேலா போன அக்டோபரில் இறந்தார். வயது எழுபத்தொன்று. மிச்சிகனின் வடக்குத் தீபகற்பத்தில், ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில், முப்பத்திரண்டு வருடம் கார்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்தவர். செத்த எலி, கொட்டிய பால், மீன் தண்ணீர், குழந்தைகளின் வாந்தி. ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெட்ரோல் வாடைதான். எங்கள் பக்கம் ஆறு மாதம் பனி. வீட்டுக்கு வீடு பனி தள்ளும் மெஷின், அதற்கு ஒரு சிவப்புக் கேன். அந்தக் கேன் என்றாவது ஒருநாள் காருக்குள் ஒழுகும்.

அடக்கத்தின்போது பாஸ்டர் அவரை "நம்ம ஊரோட மூக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெர்னா கங்காஸும் சிரிக்கவில்லை. ஐந்து வருடம் முன்பு ஒரு ஜனவரியில் நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் மினியாபொலிஸ் பக்கம் ஒரு எரிவாயு ஆலையில் பொறியாளர். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. விடுமுறைக்குப் பஸ்ஸில் வந்திருந்தேன். சனிக்கிழமை மதியம் வெர்னா தன் காரை அப்பாவின் ஷெட் வாசலில் நிறுத்தினார். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. வெளியே மைனஸ் பதினான்கு. வெர்னாவின் புருவத்தில் உறைபனி.

"எல்மர், நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்" என்றார்.

"இன்னைக்கு மட்டுமா?" என்றார் அப்பா. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

வெர்னா குளிரில் கேனை வாய்வரை நிரப்பி, டிக்கியில் வைத்து, சூடான கராஜுக்குள் காரை விட்டுப் படுத்துவிட்டார். சூட்டில் பெட்ரோல் பெருகும், கேன் ஊதும், மூடி வழியாகக் கசியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். வருடத்துக்கு ஐந்தாறு பேர் செய்யவும் செய்வார்கள்.

"சிரிக்காத. திங்கட்கிழமை காலைல ஆர்னிய மார்க்கெட் கூட்டிட்டுப் போகணும். அந்த நுரையீரல் டாக்டருக்கு நாலு மாசம் காத்திருந்தோம்."

மார்க்கெட் எங்கள் பக்கத்துப் பெரிய ஊர். நூறு மைல். ஆர்னி வெர்னாவின் கணவர், இரும்புச் சுரங்கத்தில் இருந்தவர். அவர் மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். பின் சீட்டில் பெல்ட் போட்டு சிலிண்டரைக் கட்டி வைத்துத்தான் பயணம். அந்தக் குளிரில் கண்ணாடியை இறக்கினால் அவர் நுரையீரல் தாங்காது. ஏற்றினால், மூடிய காருக்குள் பெட்ரோல் ஆவியும் ஆக்சிஜனும். ஒரு சின்னப் பொறி போதும்.

ஆஸ்பத்திரி வேனுக்கு ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும். எங்கள் பிக்கப்பில் கரைப்பான் டப்பாக்கள் உருண்டு உருண்டு அது இன்னும் மோசம்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு சாயங்காலம் வா. சுத்தம்னா சாவி தருவேன். இல்லேன்னா தர மாட்டேன். அழுதாலும் தர மாட்டேன்."

அவர் முதலில் ஷெட் ஹீட்டரின் சுடரை அணைத்தார். பிறகுதான் காரை உள்ளே விட்டார். டிக்கியின் கார்பெட் ஈரமாக மின்னியது. நான் உதவியாக இருக்கட்டும் என்று தண்ணீர் உறிஞ்சும் வேக்குவத்தின் ஒயரை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

"அந்த மோட்டார்ல பொறி பறக்கும். பெட்ரோல உறிஞ்சிப் பொறிக்குள்ள ஊத்தப் போறியா? இதுக்குத்தான் ஆறு வருஷம் படிச்சியா?"

எனக்குத் தெரியாதது அல்ல. வீட்டுக்கு வந்தால் மூளையைக் கழற்றி வைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

கந்தலால் ஒற்றினோம். பூனைகளுக்குப் போடும் களிமண் குருணையை மூட்டை மூட்டையாகக் கொட்டி ஊறவிட்டோம். கார்பெட்டை உரித்தோம். அதன் அடியிலிருந்த பஞ்சை அப்பா காப்பாற்றப் பார்க்கவே இல்லை. வெளியே பனியில் எறிந்தார். தகரத்தைச் சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவினோம். கதவுகளைத் திறந்து போட்டு இரவு முழுக்கக் குளிரில் விட்டோம்.

ஞாயிறு காலையில் நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கண்ணாடி போல் சுத்தமான குளிர்.

"போயிடுச்சுப்பா."

"குளிர்ல பெட்ரோல் தூங்கும். சூடு பண்ணித்தான் கேக்கணும்."

அவரிடம் ஒரு விதி இருந்தது. காரை ஓடவிட்டு, ஹீட்டரை முழுதாக வைத்து, கண்ணாடிகளை ஏற்றி நாற்பது நிமிடம். அதன்பிறகு புது மூக்கு. வேலை செய்தவனின் மூக்கு வாடைக்குப் பழகிப்போய்ப் பொய் சொல்லும்; ஷெட் பக்கமே வராத ஒருவர் வந்து முகர வேண்டும். பல வருடங்களாக அது பக்கத்து வீட்டு கிளிஃபோர்ட். அந்தக் குளிர்காலம் கிளிஃபோர்ட் மகளோடு ஃபுளோரிடா போயிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு அப்பா காரை வெளியே நிறுத்தி ஓடவிட்டார். நான் வீட்டுக்குள் போய்க் குளித்தேன், காபி போட்டேன். மூன்று மணிக்குக் கோப்பையோடு வெளியே வந்தேன். அவர் டிரைவர் சீட்டில் கதவை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சுத்தம். வெர்னாவுக்கு போன் போட்டு வரச் சொல்லிட்டேன்."

நான் பக்கத்துக் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. லேசானது அல்ல. கண் எரிந்தது.

"விளையாடாதீங்கப்பா."

"என்ன விளையாட்டு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை.

"உங்களுக்கு வரலியா?"

"காலைலேர்ந்து இதுக்குள்ளயே கெடக்குறேன். மூக்கு மரத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்ல."

"அப்ப எப்படி சுத்தம்னு சொன்னீங்க?"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

அதன்பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இரண்டு காபி ஜாடிகளை எடுத்தேன். ஒன்றில் பெட்ரோல் தோய்த்த கந்தல், மற்றதில் தண்ணீர் தோய்த்தது. அவரைக் கால் மணி நேரம் வெளிக்காற்றில் நிற்க வைத்தேன். பிறகு கண்ணை மூடச் சொல்லி ஜாடிகளை அவர் கையில் கொடுத்தேன். ஆலையில் கருவிகளைச் சோதிக்கிற மாதிரி.

"எதுலப்பா?"

அவர் மாற்றி மாற்றி மூக்கருகே பிடித்தார். வெகுநேரம். கை நடுங்கியது. குளிரால் என்று நினைத்துக்கொண்டேன்.

"இடது" என்றார்.

இடதில் தண்ணீர்.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம். மொதல்ல காபி போச்சு. அப்புறம் எல்லாம்."

"மூணு வருஷமா எப்படி வேலை பார்த்தீங்க?"

"கிளிஃபோர்ட் இருந்தான். அவன் சரின்னா சரி. நான் சும்மா கார்க்காரங்க முன்னாடி ஒரு தடவை உறிஞ்சிக் காட்டுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "யார்கிட்டயும் சொல்லிடாத. வாடை தெரியாதவன்கிட்ட எவன் கார் விடுவான்?"

"இந்தக் கார்ல ஆர்னி போகப்போறார்."

"தெரியும்டி."

மணி மூன்றே முக்கால். வெர்னா நான்கரைக்கு வருவார். மறுநாள் காலை ஏழுக்குக் கிளம்ப வேண்டும்.

அவர் மறுபடி காரை ஓடவிட்டு ஹீட்டரால் சூடாக்கினார். "நீ மூக்கு, நான் கை" என்றார். "கேன் எங்க சாஞ்சிருந்துச்சுன்னு யோசி. டிக்கியோட முன்பக்கம். அப்ப எங்க போயிருக்கும்?"

நான் முழங்காலில் தவழ்ந்தேன். டிக்கித் தரையில் வாடை இல்லை. சக்கரக் குழியில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் என்னை வெளியே இழுத்துப் பனியில் நிறுத்தினார், மூக்கு பழகிவிடக்கூடாது என்று. நான்காவது முறை உள்ளே போனபோது பின் சீட்டின் முதுகுப் பக்கம் பிடிபட்டது.

"இங்க. இங்கதான்."

அவர் இரண்டு போல்ட்டைக் கழற்றி முதுகுப் பகுதியை அப்படியே தூக்கினார். பின்புறத் துணியின் அடியில் உள்ளங்கை அளவு கறை. அழுத்தியபோது பஞ்சு ஈரமாக இருந்தது. சரியாக சிலிண்டரைக் கட்டும் இடத்துக்குப் பின்னால்.

அவர் அந்த ஈரத்தைத் தொட்டு, பழக்கத்தில் விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வெர்னா வந்தபோது சீட்டு முதுகு பனியில் கிடந்தது, அதன் இடத்தில் அப்பா ஒரு பலகையை முடுக்கிக்கொண்டிருந்தார். வெர்னா கையில் துணி சுற்றிய பாஸ்டி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்டது, இன்னும் சூடாக.

"என்னப்பா இது, சுத்தம்னு போன்ல சொன்னே? என் காரையே பிரிச்சுப் போட்டிருக்க?"

நான் வாயைத் திறந்தேன். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

"சுத்தமில்ல, வெர்னா" என்றார் அப்பா. திரும்பாமல், போல்ட்டை முடுக்கிக்கொண்டே. "எனக்கு மூக்கு வேலை செய்யல. மூணு வருஷமாச்சு. போன் பண்ணினப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. இவதான் கண்டுபிடிச்சா. இவ இல்லேன்னா உன் கைல சாவியக் கொடுத்திருப்பேன்."

வெர்னா பாஸ்டியைக் கார் மேல் வைத்தார். அவர் காரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அப்பாவின் முதுகைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நியாயம்.

"எனக்கு இடது காது கேக்காது" என்றார் கடைசியில். "ஒம்போது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்கள ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டுப் போனேன். இதோ, உன் பொண்ணையும்தான். யார்கிட்டயாவது சொன்னேனா?"

"அடிப்பாவி!" என்றார் அப்பா.

"சும்மா இரு. நான் பண்ணுனதும் தப்புதான், நீ பண்ணுனதும் தப்புதான். என் புருஷன் செத்திருப்பான், எல்மர்."

"ஆமா."

"சரி. இப்ப கார் எப்படி இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில், கார் கொண்டுவந்தவர் எதிரில் அந்தக் கேள்விக்கு அவர் வேறொருவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கிளிஃபோர்டிடம் கேட்டதெல்லாம் ஆள் இல்லாத நேரத்தில்.

"இன்னும் ரெண்டு தடவை சூடு பண்ணிப் பார்க்கணும், மிசஸ் கங்காஸ்" என்றேன். "சிலிண்டர் இனிமே முன்னாடி, அவர் காலடியில. நாளைக்கு நானும் கூட வரேன். லேசா வந்தாலும் நிறுத்திடுவோம்."

இரண்டு முறை பார்த்தோம். இரண்டாவது முறை வெர்னாவையும் உட்கார வைத்து முகரச் சொன்னோம். இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். அப்படியும் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

திங்கள் காலை ஏழுக்குக் கிளம்பினோம். நான் பின்னால் பலகையில் சாய்ந்து, மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆர்னியின் சிலிண்டர் மூச்சுக்கொரு முறை சீறியது. முப்பது மைல் தாண்டினோம். கார் நன்றாகச் சூடேறியபின் ஒரு பெட்ரோல் பங்க்கைக் கடந்தபோது வாடை வந்தது. "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். வெர்னா ஓரம் கட்டினார். கதவைத் திறந்து இறங்கி நின்று, பின் ஏறி முகர்ந்தேன். உள்ளே இல்லை. பங்க்கிலிருந்து வந்ததுதான்.

"என் கேட்காத காதே கிழிஞ்சிடுச்சு" என்றார் வெர்னா.

ஆர்னி குழாயோடு சிரித்து இருமினார்.

பத்தே முக்காலுக்கு ஆர்னியை டாக்டரிடம் விட்டுவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"உள்ள என்ன வாடை? ஒண்ணுவிடாம சொல்லு."

"ஆர்னியோட புதினா மிட்டாய். ஈரக் கம்பளி. வெர்னாவோட காபி. உங்க சோப்பு."

"பெட்ரோல்?"

"இல்லப்பா."

மறுமுனையில் அவர் நாற்காலியை இழுத்து உட்காருவது கேட்டது. நடுக்கத்துக்கும் மூக்குக்கும் ஒரே நோய்தான் காரணம் என்று டாக்டர் சொல்ல இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அன்று எங்களுக்கு அது தெரியாது.

"அந்த ஜாடி" என்றார். "பெட்ரோல் எதுல இருந்துச்சு?"

"வலதுல."

"ரெண்டுல ஒண்ணு. குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலும் பாதி வாய்ப்பு" என்றார். "அதுலயும் கோட்ட விட்டேன் பாரு."