பறக்கும் வண்டிக்கு எலுமிச்சம்பழம்

செர்காம் ஊர்ப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கிளினிக் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் திருச்செல்வம். போன வருடம் நெஞ்சுவலி வந்த மனைவி பெரியநாயகியையும் அந்த வேனில் அவரேதான் ஏற்றிக்கொண்டு போனார். முன்னால் போன, செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடைசிவரை வழிவிடவில்லை. ஆஸ்பத்திரி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இப்போது மகள் தேவமலர், தான் வேலை பார்க்கும் நிறுவனம் செய்த, ஓட்டுநரில்லாமல் பறக்கும் ஆம்புலன்ஸோடு கோயில் திடலில் நின்றாள். தோட்டத்துக்கு இது சரிவருமா என்று ஒரு மணல் மூட்டையை ஏற்றிச் சோதனை. திடலைத் தொடர்ந்து கொடுப்பதா என்பதைக் கோயில் தலைவரான அப்பாதான் சொல்ல வேண்டும்.

“ஆளில்லாத வண்டிய எப்படிலா நம்புறது? பூசையாவது போட்டியா?”

“சக்கரமே இல்லப்பா. எலுமிச்சம்பழத்த எதுல நசுக்கிறது?”

வண்டி மேலே போனதும் திருச்செல்வம், அது இறங்க வேண்டிய இடத்தில் நான்கு பழங்களை வைத்துவிட்டு ஓரமாக வந்து நின்றுகொண்டார். இறங்கி வந்த வண்டி ஆள் உயரத்தில் தயங்கியது. பிறகு நகர்ந்து, பழங்களுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தது.

“சாமி காரியத்த வண்டி கெடுத்துருச்சேப்பா!” மகள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. நசுங்காத பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலுமிச்சம்பழத்துக்கே ஒதுங்குது, மலரு. அந்த லாரிக்காரன் ஒதுங்கலயே.”

அவர் குனிந்து பழங்களைப் பொறுக்கினார்.

“திடல எடுத்துக்க. உங்கம்மா இதுல ஏறமாட்டேன்னு கத்தியிருப்பா. கட்டிப்போட்டாவது ஏத்தியிருப்பேன்லா.”