காக்கிச் சட்டைக்கு நைனா எடுத்த துணி

சென்ற ஏப்ரலில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் தீத்தொண்டு நாள் கொண்டாடினார்கள். நகைச்சுவையாகப் பேச ஒப்புக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் பிறர் தொண்டையைப் பொறுத்தவை. பேச்சுக்கு முன்னால் ஒரு சிறு கண்காட்சி. மேசைமேல் தடித்த கோட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். போட்டுப் பாருங்கள் என்று ஓர் இளம் வீரர் கைகளை நுழைத்துவிட்டார். வீரக்களை ஏதாவது வந்திருக்கிறதா என்று பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். படுக்கையைச் சுருட்டி நிறுத்தியதுபோல் இருந்தேன்.

"இன்னா கனம் கனக்குதுப்பா!"

"மூணு அடுக்கு சார். கழுத்துக்கிட்ட உள்பக்கம் பாருங்க, நம்பர் போட்டிருக்கும். இப்ப நாடு பூரா ஒரே தரம். அந்த நம்பர் இல்லாத கோட்ட வாங்கவே மாட்டாங்க."

"நம்பர் போட்டுட்டா நெருப்பு பயந்துக்குமா?"

அவர் சிரித்தார். அன்று நான் உண்மையில் சிரிக்கவைத்த ஒரே ஆள். "இல்ல சார். துணிய நெருப்புல காட்டிப் பாப்பாங்க. எரியக்கூடாது, உருகக்கூடாது, சொட்டக்கூடாது. ஒண்ணு தப்பினாலும் தள்ளிடுவாங்க."

கோட்டைக் கழற்ற எனக்கு நேரம் பிடித்தது. வயிறுதான் காரணம் என்று அவர் நினைத்திருப்பார். பேச்சும் சரியாக அமையவில்லை. ஜனங்கள் நாகரிகமாகச் சிரித்தார்கள். நான் மேடையில் நின்றபடி என் சித்தப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அங்கே எல்லோரும் தண்ணீரிலிருந்து மீனை எடுத்துப் பிழைத்தார்கள். சித்தப்பா ஒருவர்தான் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றிப் பிழைத்தார். டவுனில் தீயணைப்பு நிலையத்தில் உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் அரசாங்கம் முதன்முதலாகச் சம்பளம் கொடுத்தது அவருக்குத்தான். அதுவரை அரசாங்கத்துக்கும் எங்களுக்கும் இருந்த உறவு, புயல் வந்தால் அவர்கள் அரிசி கொண்டுவருவதும் நாங்கள் வரிசையில் நிற்பதும்தான்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குத் தம்பியைப் பற்றிய பெருமை அளவில்லாதது. லீவில் வரும் சித்தப்பாவைக் காக்கி உடுப்போடேயே கரையில் ஒரு நடை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். ஒரே ஒரு குறை, அந்தச் சட்டை. இலாகாவில் கொடுத்த பருத்திக் காக்கி. இரண்டு சலவைக்கு மேல் நிறம் வெளுத்து, எவ்வளவு தேய்த்தாலும் மத்தியானத்துக்குள் கசங்கி, அதிகாரியின் உடுப்பு என்று யாரும் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிடும்.

நைனாவுக்குப் பருத்திமேல் பழைய பகை உண்டு. அவர் சிறுவனாக இருந்தபோது வலையெல்லாம் பருத்தி நூல். தினமும் காயவைக்க வேண்டும், நூல் உறுதிப்படப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைக்க வேண்டும், அத்தனைக்கும் பிறகு அது இற்றுப் போகும். பிறகு நைலான் வந்தது. நனைந்தால் ஊறாது, மக்காது, உதறினால் காய்ந்துவிடும். நாட்டுக்கு வந்ததைவிட உருப்படியான சுதந்திரம் அதுதான் என்பது நைனாவின் கட்சி. அவர் கணக்கில் பருத்தி என்றால் தரித்திரம். தரித்திரத்தைத் தம்பி உடம்பில் போட்டுக்கொண்டு திரிவது அவருக்குப் பொறுக்கவில்லை.

இறால் கூடையோடு மதராசுக்குப் போன ஒரு நாள், திரும்பும்போது காக்கி நிறத்தில் ஒரு துணி கொண்டுவந்தார். சுத்தமான பாலியெஸ்டர், நைலானுக்குப் பங்காளி. நிலா வெளிச்சத்தில் கெண்டை புரளுவது போல மின்னியது. கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்குகிறவர் இல்லை அவர். வலை நூலைச் சோதிப்பது போலவே அதைச் சோதித்தாராம்: இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்து, ஓரத்தைப் பல்லில் கடித்து, எச்சில் தொட்டு ஊறுகிறதா என்று பார்த்து.

"எதுக்குண்ணா இது? டிபார்ட்மென்ட்ல குட்த்த துணி நல்லாதான் கீது" என்றார் சித்தப்பா.

"இன்னாடா நல்லா கீது? சாக்குப் பை மாதிரி கீது. இப்ப எவனாச்சும் நூல் வலை போடறானா? உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"ஆபீசர் எதுனா சொல்லுவாருண்ணா."

"காக்கி கலர்ல இருக்கணும்னாங்க. சரியா? இன்னா துணின்னு எவனாச்சும் சொன்னானா?"

சித்தப்பா யோசித்துப் பார்த்தார். "அது சொல்லலண்ணா."

"அப்பறம் இன்னா?"

பழவேற்காட்டுத் தையற்காரர் சட்டையை மட்டும் தைத்துக் கொடுத்தார். பேன்ட்டு ரம்ஜான் கழிந்துதான் என்று சொல்லிவிட்டார். ஆகவே சித்தப்பா புதுச் சட்டையும் பழைய பேன்ட்டுமாக வேலைக்குப் போனார். அடுத்த லீவில் அவர் கொண்டுவந்த செய்தி எங்கள் தெருவையே உயர்த்திவிட்டது. அணிவகுப்பில் ஆபீசர் அவர் முன்னால் நின்று, மடிப்புக் கலையாமல் உடுத்தினால் இப்படி உடுத்தவேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டினாராம். நைனா அந்தக் கதையைத் தம்பியைப் பல முறை சொல்லவைத்துக் கேட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல, "அப்பறம்?" என்பார்.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் எங்கள் குப்பத்திலேயே தீப்பிடித்தது. யார் வீட்டு அடுப்பு என்பதில் இன்றுவரை கட்சிகள் உண்டு. காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தது. ஓலைக் கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவின. பெண்கள் குடம் குடமாக ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். யாரோ சைக்கிளில் போய்த் தகவல் சொல்லி, மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது. குப்பத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே மணலில் புதைந்து நின்றும்விட்டது. அதிலிருந்து முதலில் குதித்து ஓடிவந்தவர் சித்தப்பா. வெயிலில் அவர் சட்டை மட்டும் தனியாக மின்னியது. "எங்க சித்தப்பா! எங்க சித்தப்பா!" என்று சிறு பையனான நான் கத்தினேன். எங்கள் வீடு எரிந்துகொண்டிருக்கவில்லை என்பதால் எனக்கு அது திருவிழாவாகவே இருந்தது.

எதிர்வீட்டுக் கிழவர் எரியும் குடிசைக்குள் ஓடியதைப் பார்த்து ஒருத்தி அலறினாள். "வலைய எடுக்கப் பூட்டாரு! யாராச்சும் போங்களேன்!" சித்தப்பா ஒரு துண்டைக் குடத்தில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அன்றைய தேதியில் எங்கள் ஊருக்கு வந்த தீயணைப்புச் சாதனங்களில் உருப்படியானது அந்தத் துண்டுதான். உள்ளே போனார். கூரையின் ஒரு பக்கம் இறங்கியது. சற்றுப் பொறுத்து, கிழவரைத் தன் உடம்புக்குக் கீழே மூடிக்கொண்டு தவழ்ந்தபடி வெளியே வந்தார்.

கிழவருக்குப் புருவம் மட்டும் கருகியிருந்தது. இடுப்பில் கோவணத்தைத் தவிர வேறு துணியில்லை. பின்னும் நெடுநாள் இருந்தார், எந்தப் பேச்சு வந்தாலும் "வலை பூட்ச்சே" என்றுதான் முடித்தார்.

சித்தப்பா எழுந்து நின்றார். முகத்தில் கரியைத் தவிர ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். முதுகிலிருந்துதான் புகை வந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். சட்டையைக் கழற்ற யாரோ கை வைத்து இழுத்தார்கள். அப்போது அவர் போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சட்டை வரவில்லை.

எங்கள் குப்பத்தில் கிழிந்த வலையைப் பொத்துகிற யாரும், முடிச்சுப் போட்ட பின் நைலான் நூலின் நுனியைப் பீடிக் கங்கில் ஒரு தரம் வைத்து எடுப்பார்கள். நுனி உருகிக் குமிழாகிவிடும், முடிச்சு அவிழாது. நைனாவும் தினமும் அதைச் செய்தார். நெருப்புப் பட்டால் அது உருகும் என்பது குப்பத்தில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். வலை என்று நினைத்தபோது தெரிந்தது, சட்டை என்று நினைத்தபோது ஒருவருக்கும் தோன்றவில்லை. மதராசில் இலாகா அலுவலகம் வைத்திருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய விதியில் நிறம் இருந்தது, மடிப்பு இருந்தது, பித்தானின் பளபளப்பு இருந்தது.

நான் ஆயுள் முழுவதும் கமிட்டிகளைக் கேலி செய்து சோறு தின்றவன். ஏதோ ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, உருகக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். நாட்டில் எந்த மூலையில் இருக்கும் எந்த அண்ணனும் ஆசைப்பட்டுத் துணி எடுத்துவர முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் கேலி செய்ய என்னிடம் எதுவும் இல்லை. அது தாமதமாக வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு நைனா என்னையும் கூட்டிப்போனார். சித்தப்பா என்னைப் பார்க்கவேண்டும் என்றாராம். அவர் அங்கிருந்து திரும்பி வரவில்லை, ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. குப்புறப் படுத்திருந்தார். முகம் சுவர்ப் பக்கம். நாங்கள் வாசலில் நின்றோம். கட்டிலருகே டாக்டரும், அணிவகுப்பில் பாராட்டிய அதே ஆபீசரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கால்ல பாருங்க. பருத்திப் பேன்ட்டு இருந்த எடம் சிவந்ததோட போச்சு. முதுகுல சட்டை உருகித் தோலோட ஒட்டிக்கிச்சு. பருத்தியா இருந்தா இவ்வளவு வந்திருக்காது. யார் குடுத்த துணி இது?"

"நாங்க குடுக்கல டாக்டர்" என்றார் ஆபீசர். குரல் இறங்கியிருந்தது. குனிந்து கேட்டார். "ஏம்பா, இந்தச் சட்டத் துணி ஏது?"

சித்தப்பா முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார். நைனாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான் சார் வாங்கினேன். அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய பொய்யை, அதுவும் ஆபீசர் முன்னால்! நைனா இறால் விற்ற காசில், பல்லால் கடித்துப் பார்த்து வாங்கியது. அந்தப் பெருமையை இப்படித் தனதாக்கிக்கொள்வதா? நான் வாயைத் திறந்தேன். நைனாவின் கை வந்து வாயை மூடியது.

என்னை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். தூண் ஓரமாக உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நைனா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு எவ்வளவு மனத்தாங்கல் இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டேன்.

"வுடு நைனா. சித்தப்பா சொன்னா சொல்லிட்டுப் போறாரு. ஊருக்குப் போனதும் அந்தத் துணி நீதான் வாங்கினேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

நைனா துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.