பூஜ்யத்தை நம்பாத ஜெய்னபு

ஜெய்னபு இறந்த செய்தி, எங்கள் மருத்துவமனை ஊழியர்களின் வாட்ஸப் குழுவில்தான் எனக்கு வந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும். 'உம்மா மௌத்து. அசர் தொழுகைக்குப் பிறகு தேங்காப்பட்டணம் பள்ளிவாசலில் அடக்கம்' என்று அவருடைய மூத்த மகள் எழுதியிருந்தாள். அதன் கீழே கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நடுவில், பதினொன்றரைக்கு, அன்றைய காலிக் கட்டில்களின் எண்ணிக்கை வந்து விழுந்தது. அதை மனிதர் யாரும் அனுப்புவதில்லை. கணினிப் பிரிவில் இருக்கும் நான் எழுதிவைத்த நிரல், தினமும் அந்த நேரத்துக்கு அனுப்பும். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் கும்பிட்ட கைகள் வரத் தொடங்கின.

அவரோடு வேலை பார்த்தவர்கள் பலர் இப்போது கல்ஃபிலும் வேறு ஊர்களிலும் இருக்கிறீர்கள். அவருக்கு என்ன நடந்தது என்பதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது நானும் புதிதாகத்தான் வந்திருந்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவர். வீட்டுக்குப் போகும் நோயாளியின் கோப்பு அவர் மேசைக்கு வரும். டாக்டர் கையெழுத்து இருக்கிறதா, மயக்க மருந்துத் தாள் இருக்கிறதா என்று பார்த்து, நூல் கட்டி, எண் போட்டு அடுக்குவது வேலை. எல்லாரும் நூலைக் கட்டி முடித்துவிடுவார்கள். அவர் கோப்பைப் படிப்பார். ஒரு நாள் மதியம், கொண்டுவந்த ஒறட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறுகையால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். "கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி படிக்கிறீங்களே" என்றேன். "கதையாக்கும் சாரே. கடைசி பக்கத்தை மட்டும் கிழிச்சு வச்சிருக்காவ" என்றார்.

அந்தக் கடைசிப் பக்கம் எது என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

மருத்துவமனை முழுவதையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. எத்தனை கட்டில் நிறைந்திருக்கிறது, எத்தனை அறுவை சிகிச்சை நடந்தது, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார், எத்தனை பேருக்குக் காயத்தில் சீழ் வைத்தது, எல்லாம் நிறத்தோடு தெரிய வேண்டும். நல்லது பச்சை, கெட்டது சிவப்பு. அந்த டாஷ்போர்டைச் செய்தவன் நான். அதற்குத் தகவல் ஊட்டும் பொறுப்பு ஜெய்னபுவுக்கு. இரண்டு விரல்களால்தான் தட்டச்சு செய்வார். ஆனால் நான் போட்ட எண்ணில் தவறு இருந்தால் முதலில் பிடிப்பது அவர்தான்.

ஒரு நாள் அவர் திரைமுன் நின்றுகொண்டு, "பிரசவ வார்டுல சீழ் பூஜ்யம்னு காட்டுகே, அது எப்படி சாரே?" என்று கேட்டார்.

"சீழ் வைக்கலன்னா பூஜ்யம்தானே."

"சிசேரியன் கழிஞ்ச பெண்ணை நாம எத்தன நாளுல அனுப்புகோம்?"

"நாலாவது நாள்."

"புண்ணு பழுக்கது எப்பம்? ஆறு, ஏழு நாளு ஆவணும். அப்பம் அவ வீட்டுல இருப்பா. உங்க பெட்டிக்குள்ள இருக்கமாட்டா." பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "பூஜ்யத்துக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. ஒண்ணும் நடக்கல்லன்னு ஒண்ணு. யாரும் கேக்கல்லன்னு இன்னொண்ணு."

தையல் பிரிக்க எட்டாம் நாள் வரச் சொல்லித்தான் எல்லாரையும் அனுப்புகிறோம். ஆனால் வராதவர்கள் நிறையப் பேர் என்பதை அவர் கோப்புகளில் கண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பக்கத்தில் ஏதாவது மருத்துவமனையில் பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வோம். அவர் அன்றிலிருந்து, அறுவை முடிந்த எட்டாம் நாளில் அந்தப் பெண்களுக்குத் தன் கைபேசியிலிருந்து பேச ஆரம்பித்தார். "மோளே, நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெய்னபு. தையல் எப்படி இருக்கு? பனி இருக்கா, மேலு சுடுகா? நாத்தம் வருகா?" என்று கேட்பார். அவசரப்படமாட்டார். எதிர்முனையில் மாமியார் பேசினால் மாமியாரிடமும் விசாரிப்பார். கணவன் பேசினால் "கொச்சுக்குத் தொட்டில் வாங்கியாச்சா?" என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "இனி அவகிட்ட குடுங்க" என்பார். 

நாம் எல்லாரும் ஒருமுறை சிதறால் மலைக்குச் சுற்றுலா போனோமே, அன்று முழங்கால் வலி என்று அவர் பாதி வழியில் பாறையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போதும் அங்கேயே இருந்தார். கிண்டல் செய்தீர்கள். அன்று யாருக்கோ எட்டாம் நாள். அந்தப் பாறையில்தான் சிக்னல் கிடைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சில மாதங்களில் அவரிடம் ஒரு பட்டியல் சேர்ந்தது. காயம் பிரிந்து வேறு மருத்துவமனையில் சேர்ந்த பெண்கள். கருங்கலில் ஒரு சிறிய மருத்துவமனையில் தினமும் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்த பெண்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார முடியாதவர்கள். அதை நான் டாஷ்போர்டில் ஒரு புதிய வரிசையாகச் சேர்த்தேன். 'வீடு சென்ற பின் காயம்' என்று பெயர் வைத்தேன். எந்த டாக்டர், எந்தக் கிழமை, எந்த அறுவை அரங்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். டாக்டர்களை வைத்துப் பிரித்தால் ஒன்றும் தெரியவில்லை. கிழமையை வைத்தும் தெரியவில்லை. அரங்கை வைத்துப் பிரித்ததும் இரண்டாம் அரங்கு மட்டும் சிவந்து நின்றது. ஜெய்னபு திரையைப் பார்த்து, "அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். 

நான் அன்று பெருமைப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். என் திரை ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்ற பெருமை.

தரச் சான்றிதழுக்காக வெளியிலிருந்து பார்வையிட வரும் குழு இரண்டு வாரத்தில் வருவதாக இருந்தது. நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "போன்ல கேட்டதெல்லாம் ஒரு தகவலா? யாரும் சரிபார்க்கல்லியே. அந்த வரிசையை இப்பம் எடுத்திரும். குழு வந்துட்டுப் போவட்டு, பெறவு பாக்கலாம்" என்றார். நான் என் மேசைக்கு வந்து எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜெய்னபுவிடம் சொல்லவில்லை. அவரே மறுநாள் பார்த்துவிட்டு வந்தார்.

"எடுத்துட்டியளா சாரே?"

"எடுக்கச் சொன்னாங்க. குழு போனதும் மறுபடி போடலாம்னு சொன்னாங்க."

"அதுவரை ரெண்டாம் தியேட்டர்ல யாரையும் அறுக்கமாட்டாவளா?"

அவர் அன்றே மருத்துவக் கண்காணிப்பாளருக்குத் தன் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

குழு வந்தது, பச்சை நிறத்தைப் பார்த்தது, போனது. அதற்கடுத்த வாரத்தில் ஒரு மதியம் ஜெய்னபு என் மேசைக்கு முன் வந்து நின்றார். கையில் கைபேசி இருந்தது. "ஷைனி. கடப்புறத்துப் பெண்ணு. இருபத்தாறு வயசு. ரெண்டாவது பிரசவம்" என்றார். குளச்சலுக்கு அருகே ஒரு மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவள். எட்டாம் நாள் என்று இவர் அழைத்திருக்கிறார். எடுத்தது அவளுடைய அம்மா. ஆறாம் நாள் காய்ச்சல் கூடி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். "நேத்து அடக்கம் கழிஞ்சுது மோளே. நீ இன்னைக்கு விளிக்கியே" என்று அந்த அம்மா சொன்னாராம்.

"எந்தத் தியேட்டர்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இரண்டாவது கடிதத்தில் அந்தப் பெயரை எழுதினார். பத்து நாள் கழித்து அவரைப் பின்கட்டடத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். நோயாளிகளின் எண்களைச் சொந்தக் கைபேசியில் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அதே வாரம் வெளியூரிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்து, இரண்டாம் அரங்கின் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கும் இயந்திரத்தைப் பிரித்தார்கள். கதவின் ரப்பர் வளையம் தேய்ந்து நீராவி கசிந்துகொண்டிருந்தது, உள்ளே போதுமான சூடு ஏறவே இல்லை என்று அரங்கு சிஸ்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். வளையத்தை மாற்றினார்கள். யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஷைனியின் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் மேடைத்திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். ஆண்டு முழுவதும் காயத் தொற்று பூஜ்யம். அதைத் தயாரித்தவன் நான். எல்லாரும் கைதட்டினோம். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஜெய்னபு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் எதிரே வந்தால் நான் வேறு படிக்கட்டு வழியாக இறங்கினேன். முதலில் வெட்கத்தால். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பதினைந்து வருடம் ஒன்றாக இருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவருடைய கணவர் சவூதியில் நெஞ்சுவலியில் இறந்து பெட்டியில் வந்தபோது அவர் வீட்டுக்கு முதலில் போய் நின்றவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கட்டடத்துக்குள் அவரைப் பார்க்காமல் ஐந்து வருடம் நடமாடினேன். பழைய கோப்பு அறையிலும் அவர் பழைய வேலையை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். பிரசவ வார்டு ஆயாக்கள் எண்களை எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

கருப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது மிகவும் தாமதமாகிவிட்டது. ஒரு வருடமாக உதிரம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். பலன் இல்லை.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு நான் தேங்காப்பட்டணம் போனேன். மகள் கதவைத் திறந்தாள். ஜெய்னபு கட்டிலில் பாதியாக மெலிந்து கிடந்தார். முக்காட்டுத் தட்டம் தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, மகள் அதை இழுத்து இழுத்து விட்டாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்க ஜெய்னபு. அன்னைக்கு நான் அதை எடுத்திருக்கக் கூடாது."

அவருக்குப் பேச நேரமாயிற்று. "நீங்க இல்லன்னா வேற யாராவது எடுத்திருப்பாவ. அதை நான் எப்பவோ விட்டாச்சு. பெறவு என்னைக் கண்டதும் வேற படி வழி இறங்கிப் போனியளே சாரே, அதாக்கும் தாங்க முடியல்ல."

மகள் மறுபடியும் தட்டத்தை இழுத்துவிட்டாள்.

"இப்பம் அந்த வரிசை உண்டா?"

"இல்லை."

"எட்டாம் நாளு யாராவது விளிச்சுக் கேக்காவளா?"

"இல்லை."

"பெறவு எங்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன செய்ய" என்று சொல்லி அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் சாயா கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு வந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பள்ளிவாசலுக்கு வெளியே, சாலையோரம், ஜீப் பிடித்து வந்த கடப்புறத்துப் பெண்கள் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பில் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் ஜெய்னபுவை நேரில் பார்த்ததே இல்லை. போனில் பேசியதுதான். "முகமாவது காட்டுவாவளா?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். அதற்குள் மண் போட்டாகிவிட்டது.

மறு வாரம், அந்த வரிசையைத் திரும்பச் சேர்க்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது. இரண்டாம் முறையும் எழுதியிருக்கிறேன். இதற்கிடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே நாலைந்து பேரை அழைக்கிறேன். இதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியும். ஆனால் அந்த வேலை எனக்குக் கைவரவில்லை. ஆண்குரல் கேட்டதும் பெண்கள் போனைக் கணவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். கணவன், எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறான். போன வாரம் ஒருத்தி மட்டும், "மூத்தவ பிறந்தப்பம் விளிச்ச அக்கா எங்க?" என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு, "தையல்ல ரெண்டு நாளா நீரு வருகு சாரே" என்றாள். உடனே வரச் சொன்னேன். அன்று மாலையே வந்து வார்டில் சேர்ந்தாள்.

ஜெய்னபுவின் துணிச்சல் என்னிடம் இல்லை. கேட்கும்போது அவர் குரலில் இருந்த அந்த நிதானமும் எனக்கு வாய்க்கப்போவதில்லை. அவர் செய்த வேலையை, அவரைவிட மோசமாக, அவர் போன பிறகு செய்துகொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.