தோளில் மூட்டையோடு ஓர் ஆள்

அமெரிக்கத் தெற்கில் கார்மல் ஃபெரி ஊரில் எந்த வெள்ளைக்காரரும் டைட்டஸ் கேரியை மிஸ்டர் கேரி என்று கூப்பிட்டதில்லை. தலை நரைத்த பிறகு "டைட்டஸ் மாமா" என்றார்கள். புதிதாகக் கேட்பவருக்குப் பாசம் போலத் தெரியும். மிஸ்டர் போடாமல் தப்பிக்க ஜார்ஜியாக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது, அவ்வளவுதான். அவர் நாற்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த 'சென்டினல்' பத்திரிகையிலும் அதே சட்டம். வெள்ளைக்காரர் என்றால் மிஸ்டர், பந்தயக் குதிரை என்றால் அதன் தாய் தகப்பன் பெயர், கறுப்பர் என்றால் மொட்டைப் பெயர்.

பதினேழு வயதில் அச்சாபீஸ் வேலைக்காகச் சென்டினல் முதலாளி கிழவர் பிளெட்ஸோ அவரை வாங்கினார். மை உருட்டுவது வேலை. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அப்போது குற்றம். ஆனால் எழுத்துகள் நாள் முழுக்கக் கண்முன்னால் கிடந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஈயத்தில் இடவலம் மாறிக் கிடப்பதைத்தான் முதலில் படித்தார். தாளில் நேராகப் படிப்பது பிற்பாடு வந்தது.

அதற்கும் முன்னால் அவருக்குப் புரிந்தது ஒரு படம். கட்டைவிரல் அளவு ஈயக் கட்டை. தோளில் கம்பு, கம்பில் மூட்டை, ஒரு காலை எட்டி வைத்து நடக்கும் கறுப்பு ஆள். முகம் என்று ஒன்றும் கிடையாது. அடிமை ஓடிப்போனதாக எந்த விளம்பரம் வந்தாலும் மேலே அந்தப் படம்தான். அண்ணன் ஐஷம் ஓடிப்போன வாரமும் அதுதான். 'இடது கன்னத்தில் தழும்பு, மெதுவாகப் பேசுவான்' என்ற வரிகளுக்கு டைட்டஸ்தான் மை தடவினார். படத்தின் மேல் உருளையைப் பட்டும் படாமலும் ஓட்டினார். கிழவர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"மை பத்தல. நல்லா உருட்டு" என்றார்.

நல்லா உருட்டினார். எட்டாம் நாள் ஐஷம் பிடிபட்டான். தெற்கே விற்றுவிட்டார்கள். அதோடு சரி.

பிறகு அடிமை முறையை வைத்து வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்தது. சென்டினலில் வாராவாரம் நம் தெற்கத்தியப் படைக்கு வெற்றி. முதல் வெற்றி வர்ஜீனியாவில், அடுத்தது டென்னஸியில், அப்புறம் பக்கத்து மாவட்டத்தில். வெற்றி இப்படியே ஊரை நெருங்கிக்கொண்டு வருகிறதே என்று டைட்டஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கடைசி இதழைத் தாள் இல்லாமல் சுவர்க் காகிதத்தின் பின்பக்கத்தில் அடித்தார்கள். அதிலும் வெற்றிதான். மறுநாள் வடக்கத்தியப் படை தெருவில் வந்து நின்றது. டைட்டஸ் அந்தப் படக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஆற்றில் எறிந்தார். அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலை அது.

விடுதலைக்குப் பிறகும் அதே ஆபீஸ்தான். தெரிந்தது அந்த ஒரு தொழில். மை உருட்டியவர் எழுத்துக் கோப்பவராக ஆனார். கறுப்பர் யாரையாவது மரத்தில் தொங்கவிட்டால் 'அடையாளம் தெரியாத சிலர் கையால் மாண்டான்' என்று போடுவது வழக்கம். அடிக்கடி தேவைப்பட்டதால் அந்த வரியைப் பிரித்துப் போடாமல் நூல் கட்டி அலமாரியில் வைத்திருந்தார்கள். அந்த அடையாளம் தெரியாதவர்களில் இரண்டு பேர் மறுநாள் ஆபீசுக்கு வந்து, எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று டைட்டஸிடமே கேட்பார்கள். அவரும் காட்டுவார். வேறென்ன செய்வது?

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் ஸ்பெயினோடு சண்டை. டைட்டஸின் ஒரே மகன் லெமுவேல் கறுப்பர் படையில் கியூபாவுக்குப் போனான். மஞ்சள் காய்ச்சலில் கிடந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்து, அதே காய்ச்சலில் செத்தான். பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. உடல் வராது.

மனைவி மஹாலாவுக்குப் படிக்கத் தெரியாது. விடுதலையின்போது அவளுக்கு ஏழு வயது. கடலோர நெல்வயல் தீவில் பிறந்தவள், அங்கே பத்திரிகை எட்டியும் பார்த்ததில்லை. அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

"குழிதான் இல்ல. பேப்பர்ல பேராவது வரட்டும்யா. ஊரு பேரெல்லாம் நீதானே கோக்குற? உம்புள்ள பேர ஒருதரம் கோக்கக்கூடாதா?"

டைட்டஸ் சின்ன பிளெட்ஸோவிடம் போய் நின்றார். கிழவர் செத்து இப்போது மகன்தான் ஆசிரியர்.

"சின்னய்யா, அந்தக் காய்ச்சல்ல போன நம்மூர்ப் பசங்க ரெண்டு பேருக்குக் கறுப்புக் கோடு கட்டிப் போடுறோமே. அதுக்குக் கீழ ஒரு வரி..."

சின்ன பிளெட்ஸோ பேனாவைக் கீழே வைத்தார். "சரி மாமா. நாப்பது வருஷம் ஒழைச்சிருக்க. போட்டுக்க."

நம்பினார் மனுஷன். 'படைவீரர் லெமுவேல் கேரி, வயது இருபத்திரண்டு, நோயுற்ற தோழர்களைக் காத்து உயிர் நீத்தார்.' இத்தனை வருடத்தில் அவர் சொந்தமாகக் கோத்த வரி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை பஞ்சுக் கிடங்கு முதலாளி கால்ஹூன் டில்மன் வந்தார். இறந்த வெள்ளைப் பையன்களில் ஒருவனின் அப்பா. ப்ரூஃபைப் பார்த்தார். டைட்டஸ் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"எம்மவன் பக்கத்துல இவனையா படுக்க வைக்கிற? உங்கப்பன் இருந்தா இப்படிச் செய்வாரா?"

அவர் போனதும் சின்ன பிளெட்ஸோ ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார். "கோச்சுக்காத மாமா. நாலாம் பக்கம், கறுப்பர் சேதியில போட்டுரு."

'ஆலையில் வேலை பார்த்த லெம் என்ற நீக்ரோ கியூபாவில் காய்ச்சலில் இறந்தான். இவ்வகைப் படைகளைக் கலைப்பதே நாட்டுக்கு நல்லது.'

கேரி இல்லை. படைவீரர் இல்லை. டைட்டஸ் கோத்தார். கோக்காவிட்டால் அந்த ஒரு பெயரும் இருக்காது. பத்தியில் ஓர் அங்குலம் காலி விழுந்தது. சின்ன பிளெட்ஸோ அப்பாவின் பழைய இழுப்பறையைத் துழாவி ஒரு கட்டையை எடுத்துத் தூசியை ஊதினார்.

"இது பொருந்தும் பாரு. ஒரு ஆளு மூட்டையோட போறான்."

கிழவர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். டைட்டஸ் ஒன்றைத்தான் எறிந்திருக்கிறார்.

"வேணாம் சின்னய்யா. காலியாவே இருக்கட்டும்."

"காலி எடம் விட்டா என்ன பேப்பர் அது? வையி."

வைத்தார். உருளையை அதன் மேல் பட்டும் படாமலும் ஓட்டினார். முதல் தாளைத் தூக்கிப் பார்த்தார் சின்ன பிளெட்ஸோ.

"மை பத்தல மாமா. நல்லா உருட்டு."

வீட்டில் மஹாலா வாசலிலேயே பேப்பரைப் பிடுங்கினாள். "எங்கய்யா?" அவர் விரல் வைத்தார். "படிய்யா." அவர் படித்தார். தாளில் இருந்ததை அல்ல. படைவீரர் லெமுவேல் கேரி, வயது இருபத்திரண்டு என்று தான் கோத்ததைப் படித்தார்.

அவள் படத்தைத் தொட்டாள். "படமும் போட்டாங்களா! அன்னிக்கு ரயிலுக்கு இப்படித்தானே மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்? யாருக்கும் போடாத படத்த எம்புள்ளைக்குப் போட்டாங்களே!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, சர்ச்சுக்குக் கொண்டுவந்துவிட்டாள். படிக்கத் தெரிந்த சின்ன வயசுக்காரர்கள் வரியைப் பார்த்துவிட்டு, மஹாலாவிடம் காட்டிக்கொள்ளாமல் நகர்ந்தார்கள். பிறகு கிழடுகளின் வரிசை. அவர்களுக்கு அந்தப் படத்தைத் தெரியாதா? மரத்தில் ஒட்டியிருக்கக் கண்டவர்கள், அதற்குப் பயந்து சதுப்பில் கிடந்தவர்கள். வரிசையில் முதலில் நின்றவள் டார்கஸ் அக்கா; அவள் அப்பாவை அந்தப் படம் போட்டுத்தான் தேடினார்கள். அவள் அட்டையைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்து டைட்டஸைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாடி மஹாலா. அவனேதான். அந்த நடையே சொல்லுது."

அடுத்தவரும் அவனேதான் என்றார். அதற்கடுத்தவரும்.

வீடு திரும்பும் வழி முழுக்க மஹாலா அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். பாலத்தில் நின்று இன்னொரு தடவை பார்த்தாள்.

"எல்லாம் நல்லாருக்குய்யா. மொகம் மட்டும் வெளங்கல. எம்புள்ள மொகத்துல கொஞ்சம் பாத்து மை போட்டிருக்கக்கூடாதா நீ?"

"என் தப்புதான்" என்றார் டைட்டஸ்.