மோசமாக நட்ட நெல்

“ஏம்மா... பேனா புடிக்கிற கை. நாத்து புடிக்குமா?”

பண்ணையின் காரியக்காரர் ஒருமுறை என்னைக் கேட்டது. மிராசு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ‘பண்ணை’ என்ற பெயரும் காரியக்காரரின் குடையும் மட்டும் எங்கள் ஊரை விட்டு இன்னும் போகவில்லை.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்லாமல் இந்தப் பத்தியை ஒரு வாரமாவது எழுதியிருக்கிறேனா? இல்லை! பிள்ளையின் காலில் சேறு படக் கூடாது என்று அம்மா என்னை வரப்பிலேயே நிறுத்தி வளர்த்தாள்.

போன ஞாயிறு, பூங்கோதையின் படத்திறப்பில் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

கோதை என் சிநேகிதி. போன மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

படத்திறப்புக்கு ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வந்தார். எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளரும் வந்தார். கோதை எங்கள் ஆள்தான் என்று இரண்டு பேரும் மைக்கில் சொன்னார்கள். பிறகு துணியை விலக்கினார்கள். ஐயோ! நாங்கள் கொடுத்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஸ்டூடியோக்காரர் அதில் பட்டுப்புடவை கட்டி, காசுமாலை போட்டு, நெற்றிச்சுட்டியும் வைத்துவிட்டார்!

கோதை பார்த்திருந்தால், “யாருடி இந்தப் பொம்பள, நம்ம தெருவா?” என்றிருப்பாள்.

அடுத்துப் பேச வேண்டியது நான். சிரிப்பை அடக்கினேன். சிரிப்பை அடக்கினால் எனக்கு விக்கல் வரும்.

“என் அருமைத் தோழி... விக்... பூங்கோதை... விக்...”

நான் விசும்புகிறேன் என்று நினைத்து முன்வரிசைப் பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். மைக்கிலேயே வெடித்துச் சிரித்துவிட்டேன்.

சிநேகிதியின் படத்திறப்பில் சிரிக்கலாமா? கோதையை உங்களுக்குத் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

தரங்கம்பாடிப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். காதல் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். எதைக் கேட்டாலும் “இரு, யோசிக்கிறேன்” என்பாள். டீயா, காபியா என்று கேட்டாலும் யோசிப்பாள். டீ ஆறிப்போகும். ஆனால் யோசித்து அவள் சொல்வது ஒருநாளும் ஆறிப்போனதில்லை.

சில வருஷங்களுக்கு முன் வந்த சண்டையிலும் அப்படித்தான். எங்கள் தெருவின் பிழைப்பே கோயில் நிலக் குத்தகைதான். ஊர் நிலத்தில் கூலிக்கு நட்ட குடும்பங்கள், தாத்தா காலத்தில்தான் சொந்தமாகச் சாகுபடி செய்ய ஆரம்பித்தோம். அதன்மேல் பண்ணைக்கு ஒரு கண். ‘தரிசாகப் போட்டிருக்கிறார்கள், குத்தகையை எங்களுக்கு மாற்றுங்கள்’ என்று மனு போட்டார்கள். வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., வயலைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. வயலில் பயிர் இல்லை என்றால் குத்தகை போச்சு.

ஆண்கள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும். நடவு தெரிந்த பெண்களையெல்லாம் பண்ணை வேனில் ஏற்றி, காலை டிபனுக்குப் பொங்கல் கொடுத்துத் தன் வயலுக்குக் கொண்டுபோய்விட்டது. நாற்று தயார். நட ஆள்? முட்டிவலிக்காரி அஞ்சலை அத்தை, கடல்காரி கோதை, பட்டதாரி நான்.

கோதை யோசித்தாள். “நமக்குத் தெரியாதுன்னு நாத்துக்குத் தெரியவா போவுது? எறங்குடி!”

இறங்கினோம். நட்டுக்கொண்டே வேகமாக முன்னால் போனோம். வரப்பிலிருந்து அத்தை அலறினாள்.

“அடியேய்! நட்டத மிதிச்சிக்கிட்டே போறீங்களேடி! பின்னால வாங்கடி, பின்னால!”

“படகு முன்னாலதான அத்தை போவும்?” என்றாள் கோதை.

“முன்னேறணும்னுதான அத்தை மேடையில சொல்றாங்க?” என்றேன் நான்.

“முன்னேற்றமெல்லாம் மேடையோட! வயக்காட்டுல பின்னேற்றந்தான்டி!”

சிரித்துச் சிரித்து நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். காரியக்காரர் குடையோடு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் ஆர்.ஐ. வந்தார். வயலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி வயலைப் பார்த்தார்.

“என்னம்மா இது... நடவா, கோலமா?”

“பயிரே இல்ல சார். வெளாட்டுக்குச் சொருவி வச்சிருக்காளுவ” என்றார் காரியக்காரர்.

கோதை யோசித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. சீக்கிரம் யோசிடி!

“சார், தரிசுன்னா எப்படி இருக்கும்?”

“ஒண்ணும் நடாம கெடக்கும்.”

“இது?”

“நட்டிருக்கு. ஆனா ரொம்ப மோசமா நட்டிருக்கு.”

“அப்ப ‘மோசமா நட்டிருக்கு’ன்னே எழுதிக்குங்க சார்.”

ஆர்.ஐ. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் பயனில்லை, தோள் குலுங்கியது. பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் பதிவேட்டில் ‘மோசம்’ என்று எழுத இடமில்லையாம். ‘நெல்’ என்று எழுதினார்.

குத்தகை தப்பியது. தூர் கட்டிப் பயிர் வயலை மூடியதும் எந்த வரிசை கோணல், எது நேர் என்று யாருக்கும் தெரியவில்லை. நேராகச் செய்ய வரவில்லை என்று எத்தனை காரியங்களைச் செய்யாமலே விட்டுவிடுகிறோம்?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் கோதை யோசித்துத்தான் பேசினாள். முதலில் நர்ஸிடம், “சாப்டியா பாப்பா?” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழுவ, அழுதுக்க. சிரிப்பு வந்தா மட்டும் அடக்காத. ஒனக்கு விக்கல் வந்துரும்.”

பிறகு வீட்டில் தனியாக அழுதேன், நிறைய. அதைப் பத்தியில் எழுதி என்ன ஆகப்போகிறது?

படத்திறப்பு முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். காரியக்காரரும் வந்திருந்தார். துக்கம் விசாரித்தார், மிக்சர் சாப்பிட்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

“கோதையும் போயிட்டா. இனிமே யாரும்மா பாக்கப் போறா? இந்த வருசம் தரிசுதான். மரியாதையாப் பண்ணைகிட்ட விட்டுருங்களேன்.”

“இன்னொரு டீ சாப்பிடுங்கண்ணே” என்றேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மை. இந்த வருஷம் வயல் பச்சையாக நிற்காவிட்டால் மறுபடி மனு வரும். காப்பாற்ற அவள் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று காலை நானே நாற்றங்காலில் இறங்கி விதை தெளித்தேன். பாதி உள்ளே விழுந்தது.

மீதியைப் புறாக்களிடம்தான் விசாரிக்க வேண்டும்!