ஸ்கேனில் தெரிந்த வளையம்

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மெக்கானிக் எதிர்வீட்டில் தனியாக இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. இருந்த ஒரே தம்பியோடும், அப்பாவின் வீட்டை விற்ற சண்டையில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. லேசில் வாயைத் திறக்க மாட்டார். கரண்ட் மிச்சமாகும் என்று ஓடுகிற லிஃப்டில் 'பழுது' பலகையை மாட்டச் சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஓடுறதை ஓடலைன்னு எப்படிங்க மாட்டறது?"

ஒரு நாள் காலை வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர், "குடல்வால் மாதிரி இருக்கு. ஆபரேஷன் தேவைப்படலாம். சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார்.

மெக்கானிக் வெகுநேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியை அழைத்து, "ஆபரேஷனாம்டா" என்றார்.

"பயப்படாதண்ணா. இதோ கிளம்பிட்டேன்." பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

வலியோடு சிரித்த ஆளை அன்றுதான் பார்த்தேன். சி.டி. ஸ்கேனுக்குப் போகும்போது, ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம்கூட "தம்பி வரான்" என்று சொன்னார்.

ஸ்கேன் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். குடல்வால் நன்றாகவே இருந்தது. பெருங்குடலுக்கு வெளியே முட்டை வடிவில் ஒரு சின்னக் கொழுப்புத் துண்டு, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம்.

"இந்தக் கொழுப்பு எல்லாருக்கும் குடல் ஓரத்துல தொங்கும். உங்களுக்கு ஒண்ணு முறுக்கிக்கிட்டு வீங்கியிருக்கு. அபூர்வமாத்தான் இப்படி வரும். மாத்திரை போதும், தானா அடங்கிடும்."

"அப்ப ஆபரேஷன்?"

"தேவையே இல்ல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

சந்தோஷமாம்! மனுஷன் முகம் செத்துவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் நான் காதோடு சொன்னேன். "பேசாம இருங்கண்ணே. தம்பி வந்து சேரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

பலகையை மாட்டச் சொன்னவர்களைப் பார்க்கும் அதே பார்வையை என் மேல் போட்டார். ஃபோனை எடுத்தார்.

"பெருசா ஒண்ணுமில்லையாம்டா. மாத்திரைதானாம்."

"அப்பாடா! பஸ் இன்னும் எடுக்கல, இறங்கிக்கறேன். உடம்பைப் பார்த்துக்கண்ணா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மெக்கானிக் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாத்திரை வாங்கப் போனார்.

அடுத்த வாரம் லிஃப்டில் பார்த்தபோது வலி விட்டதா என்று கேட்டேன்.

"சுத்தமா விட்டுடுச்சு" என்றார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடியே, "இனிமே என்னன்னு சொல்லி அவனைக் கூப்பிடறது?" என்றார்.